ஸோனுக்கு வெளியே ஒரு மாமா

பள்ளிக்கூட வாசலைத் தாண்டி வலது பக்கம் திரும்பியபோது மழை தொடங்கியது. நான் ஓடவில்லை. ஓடினால் தப்பி ஓடுகிறான் என்று யாராவது நினைத்துவிடுவார்கள். (தப்பித்தான் போனேன், வேறென்ன.) உடம்பில் அத்தானின் கல்யாணக் கோட். அத்தான் அகலமானவர், நான் நீளமானவன். ஆகவே கோட்டுக்குள் இன்னும் ஒருவரைக் குடிவைக்க இடமிருந்தது. கோட்டின் கைகள் மட்டும் மணிக்கட்டுக்கு நாலு விரல் மேலேயே நின்றுவிட்டன. கழுத்தில் டை. அதைக் கட்டிவிட்டவன் என் மருமகன் நிரோஷன், அக்காவின் மகன், பன்னிரண்டு வயது. அவனைத்தான் அந்தக் கல் கட்டடத்துக்குள் தனியே விட்டுவிட்டு வந்துகொண்டிருந்தேன்.

பள்ளிக்கூடத்தை அரைகுறையாக விட்டவன் பிற்காலத்தில் பள்ளிக்கூடத்துக்குள் போகவே கூடாது என்று நான் சொல்லவில்லை. கூரை திருத்தப் போகலாம். புல் வெட்டப் போகலாம். ஆனால் தலைமை ஆசிரியரின் அறையில் போய் உட்காரக் கூடாது. உட்கார்ந்தாலும் வாயைத் திறக்கக் கூடாது. நான் உட்கார்ந்தேன், பிறகு எழுந்து நின்றேன், பிறகு பேசினேன். அந்த ஒழுங்கில்.

என் படிப்பைப் பற்றி இரண்டு வரி. யாழ்ப்பாணத்தில் வெள்ளைக்காரப் பாதிரிமார் தொடங்கிய ஓர் ஆண்கள் கல்லூரியில் ஒன்பதாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தபோது எங்கள் வகுப்புக் கூரையில் ஷெல் விழுந்தது. கூரையைத் திரும்பப் போட்டார்கள். நான் திரும்பப் போகவில்லை. அதற்குப் பிறகு ஒரு படகு, மெட்ராஸில் ஒரு லாட்ஜ், கிரேக்கக் கப்பலின் சமையலறையில் சில வருடம் வெங்காயம், துபாயில் ஒரு கிடங்கு, கடைசியாக ஆக்லாந்து நகரத்தின் மனுரேவாவில் அக்கா வீட்டு சோபா. அந்த சோபாவில் நான் படுத்திருந்த காலத்தில் ஆக்லாந்தில் ஒரு காளான் பண்ணையும் டெய்ரி என்று இங்கே சொல்கிற ஒரு மூலைக்கடையும் ஒரு மெத்தைத் தொழிற்சாலையும் என்னை வேலைக்கு எடுத்து, பிறகு யோசித்துப் பார்த்து அனுப்பிவிட்டிருந்தன. சோபா மட்டும்தான் இன்னும் யோசித்துக்கொண்டிருந்தது.

இந்த நிலையில்தான் எங்கள் வீட்டில் அந்தப் பள்ளிக்கூடத்தின் பேச்சு தொடங்கியது.

அது ஆண்களுக்கான பெரிய பள்ளிக்கூடம். பெயர் வேண்டாம், இன்னும் அங்கேதான் இருக்கிறது, கல்லால் கட்டியது, கோபம் வந்தால் என்னைவிட அதிக காலம் தாங்கும். அதன் சேர்க்கை முறையை அத்தான் எனக்கு ஒரு சாப்பாட்டு மேசையில் விளக்கினார். பள்ளிக்கூடத்தைச் சுற்றி ஒரு கோடு போட்டிருக்கிறார்கள். அதற்குப் பெயர் ஸோன். கோட்டுக்குள்ளே வீடு இருப்பவனின் மகன் தன் பெயரைத் தலைகீழாக எழுதினாலும் சேர்த்துக்கொள்வார்கள். வெளியே இருப்பவன் மட்டும் சோதனை எழுத வேண்டும், அதில் தேறியபின் பெற்றோருடன் வந்து தலைமை ஆசிரியருக்கு முகத்தைக் காட்ட வேண்டும். அதாவது பாதிப் பையன்கள் மூளையால் வருகிறார்கள். மீதிப் பையன்கள் தாங்கள் நித்திரை கொள்கிற இடத்தால் வருகிறார்கள். கோடு சில தெருக்களின் நடுவால் போகிறது. இந்தப் பக்கத்து வீட்டு நாய் விண்ணப்பித்தாலும் பரிசீலிப்பார்கள்; அந்தப் பக்கத்து வீட்டில் விஞ்ஞானி பிறந்தாலும் சோதனை எழுதத்தான் வேண்டும். இரண்டு பக்கத்து வீட்டு விலைக்கும் உள்ள வித்தியாசத்தில் மன்னாரில் ஒரு ஊரையே வாங்கலாம் என்பது அத்தானின் மதிப்பீடு.

உள்ளே போனபிறகு எல்லோரும் சமம் என்று பள்ளிக்கூடம் சொல்லிக்கொண்டது. சமமானவர்களை உடனே சோதித்து, ஏ, பி, சி என்று வகுப்புப் பிரித்துவிடும். ஏ வகுப்பில் இருப்பவன் ரக்பி ஆடினால் அவன் கடவுள். டி வகுப்பில் இருப்பவன் ரக்பி ஆடினாலும் கடவுள்தான். ரக்பி ஆடாத எங்கள் நிரோஷனைப் போன்றவர்களுக்கு ஏ ஒன்றுதான் வழி.

அவன் சோதனையில் தேறிவிட்டான். மிஞ்சியது நேர்முகம். அந்த நேர்முகத்தில் கெட்டால் எல்லாம் கெட்டது, மறு வருடம் என்று ஒன்று கிடையாது. அத்தான் ஊரில் வங்கியில் இருந்தவர். இங்கே பிளாஸ்டிக் வாளி செய்யும் தொழிற்சாலையில். அந்த மாதத்தில் அவர் இன்னொரு நாள் லீவு கேட்டால் நிரந்தர லீவே தருவதாகச் சொல்லியிருந்தார்கள். அக்கா முதியோர் இல்லத்தில் வேலை. அவளுக்கு என்னைவிட நன்றாக ஆங்கிலம் வரும். ஆனால் ஹெட்மாஸ்டர் என்ற இனத்தைக் கண்டால் எழுந்து நிற்பாள், எழுந்து நின்றால் வாய் மூடிக்கொள்ளும். நானோ ஆங்கிலத்தில் கப்பல் கேப்டனோடேயே சண்டை போட்டவன். (தோற்றேன். ஆனால் ஆங்கிலத்தில் தோற்றேன்.)

"தம்பி, நீ சும்மா பக்கத்தில இருந்தாப் போதும்," என்றாள் அக்கா. "கேட்டால் ஓம் எண்டு சொல்லு, இல்லையெண்டால் இல்லை எண்டு சொல்லு. வேற ஒண்டும் கதையாதை."

"அப்பிடிச் சொல்லாதையும்," என்று அத்தான் குறுக்கிட்டார். "என்னைச் சேர்க்க அப்பா கல்லூரிக்குக் கூட்டிக்கொண்டு போனவர். பிரின்சிப்பல் கேட்ட முதல் கேள்வி, இந்தக் கல்லூரியைத் தொடங்கினது ஆர்? நான் டக்கெண்டு சொன்னன், இடம் கிடைச்சுது. என்னோட வந்த பொடியனுக்குத் தெரியேல்லை. அவன் இண்டைக்கு எங்க இருக்கிறான்?"

"கனடாவில. டொக்டர்," என்றாள் அக்கா.

அத்தான் அதைக் கேட்காதவர்போல என் பக்கம் திரும்பினார். "மச்சான், பள்ளிக்கூடத்தின்ர சரித்திரத்தைப் பாடமாக்கு. ஹெட்மாஸ்டர்மாருக்குத் தங்கட பள்ளிக்கூடத்தைப் பற்றிக் கேக்கிறதைப் போல சந்தோசம் வேற இல்லை."

நிரோஷன் தொலைக்காட்சியிலிருந்து கண்ணை எடுக்காமல் ஆங்கிலத்தில் சொன்னான்: "மாமா, அதையெல்லாம் அங்கே யாரும் கேட்கமாட்டார்கள்."

ஒரு வீட்டில் மூன்று பேர் பேசினால் யார் சொல்வதைக் கேட்க வேண்டுமோ அவரைத் தவிர்த்து மற்றவர் சொல்வதைக் கேட்பது என் வழக்கம். மறுநாளே நகர மையத்துக்கு ரயிலேறி நூலகத்துக்குப் போனேன்.

"ஆக்லாந்தின் பழைய ஆண்கள் பள்ளிக்கூடத்தின் சரித்திரம் வேண்டும். கல் கட்டடம். பெரிய பள்ளிக்கூடம்," என்றேன்.

பெயர் சொல்லவில்லை. எங்கள் ஊரில் அப்படித்தான். எங்கள் கல்லூரியில் படித்தவன் 'கல்லூரி' என்று மட்டும்தான் சொல்வான். எந்தக் கல்லூரி என்று கேட்கிறவனை அதற்குப் பிறகு மனிதக் கணக்கில் சேர்க்கமாட்டான். நாலு தெரு தள்ளி இன்னொரு கல்லூரி இருக்கும், அங்கேயும் கல் கட்டடம், லத்தீன் வாசகம், பாதிரியாரின் படம் எல்லாம் இருக்கும். அதை 'மற்ற இடம்' என்பான். உலகத்தில் ஒரு பள்ளிக்கூடமும் ஒரு மற்ற இடமும்தான் உண்டு என்பது ஒன்பதாம் வகுப்பு வரைக்கும் எனக்குக் கிடைத்த கல்வி.

நூலகப் பெண் சிரித்த முகத்தோடு பச்சைத் துணி அட்டை போட்ட கனத்த புத்தகம் ஒன்றைக் கொண்டுவந்தாள். முதுகில் எழுத்து தேய்ந்திருந்தது. உள்ளே அதை எழுதியவரும் எங்கள் ஊர்க்காரர் போலத்தான். பக்கத்துக்குப் பக்கம் 'பள்ளிக்கூடம்', 'நம் பள்ளிக்கூடம்' என்று எழுதினாரே ஒழிய பெயரைச் சொல்லவில்லை. தலைப்புப் பக்கத்தில் பெரிய எழுத்தில் போட்டிருப்பார்கள். தலைப்புப் பக்கத்தை யார் படிக்கிறார்கள்?

நான் ஒரு கிழமை, ஏழு நாளும், அந்தப் புத்தகத்தோடு சோபாவில் வாழ்ந்தேன். ஒன்பதாம் வகுப்புவரை நான் எந்தப் புத்தகத்தையும் அப்படிப் படித்ததில்லை. படித்திருந்தால் ஷெல் விழுந்தபிறகும் திரும்பப் போயிருப்பேனோ என்னவோ.

நேர்முக நாளன்று அறையில் இரண்டு பேர் இருந்தார்கள். தலைமை ஆசிரியர் பெரிய உடம்பும் நரைத்த புருவமும் உள்ளவர். நாற்காலியிலிருந்து எழும்போது இடது முழங்காலைப் பிடித்துக்கொண்டார். பக்கத்தில் உதவித் தலைமை ஆசிரியை, கையில் பேனா. சுவர் முழுக்கப் பொன்னெழுத்துப் பலகைகளும், கையைக் கட்டிக்கொண்டு முறைக்கிற ரக்பிப் பையன்களின் பழைய படங்களும்.

நிரோஷனிடம் கேட்டார்கள். கணக்குப் பிடிக்கும், கிரிக்கெட் கொஞ்சம், செஸ் நிறைய என்றான். ஏன் இந்தப் பள்ளிக்கூடம் என்று கேட்டதற்கு, இங்கே கணக்குக்கு நல்ல ஆசிரியர்கள் இருப்பதாகக் கேள்விப்பட்டேன் என்றான். தலைமை ஆசிரியர் தலையசைத்தார். எல்லாம் நன்றாக முடிந்துவிட்டது. அந்த இடத்தில் நாங்கள் எழுந்து வந்திருந்தால் இந்தக் கட்டுரை இல்லை.

"மாமா ஏதாவது சொல்ல விரும்புகிறாரா?" என்று மரியாதைக்குக் கேட்டார்.

மரியாதைக்குக் கேட்பதற்கும் கேட்பதற்கும் உள்ள வித்தியாசம் கிரேக்கக் கப்பலில் சொல்லித்தரப்படுவதில்லை. நான் எழுந்து நின்றேன்.

பலகை வீட்டில் சில பையன்களோடு தொடங்கிய அந்தப் பாதிரியாரிலிருந்து ஆரம்பித்தேன். அவருடைய ஒற்றைக் குதிரையைச் சொன்னேன். மேற்குப் பக்கத்துக் கோபுரம் தீப்பற்றியதும், பையன்கள் வரிசையில் நின்று வாளி வாளியாகத் தண்ணீர் கொடுத்ததும் சொன்னேன். (அத்தானின் தொழிலும் வாளி என்பதால் அங்கே கொஞ்சம் உணர்ச்சிவசப்பட்டேன்.) போருக்குப் போய்த் திரும்பாத மாணவர்களுக்காக ஒரு நிமிடம் தலையைக் குனிந்தேன். லத்தீன் வாசகத்தையும் சொன்னேன். தலைமை ஆசிரியரின் தலைக்கு மேலே பொன்னெழுத்தில் வேறொரு வாசகம் இருந்தது. வேறு என்பது எனக்கு விளங்கவில்லை. லத்தீன் எல்லாம் ஒன்றுபோலத்தான் இருக்கிறது.

நிரோஷன் என் காலை உதைத்தான். நன்றாகப் போகிறது என்கிறான் என்று எடுத்துக்கொண்டேன். உதவித் தலைமை ஆசிரியை பேனாவைக் கடித்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்தார்.

"நிறுத்தவேண்டாம்," என்றார் தலைமை ஆசிரியர். "மேலே சொல்லுங்கள்."

நான் உச்சத்துக்குப் போனேன். வருடாந்த ரக்பிப் போட்டி. கொட்டும் மழை. எதிர்ப்பக்கத்தில் அந்தத் திமிர்பிடித்த மற்றப் பள்ளிக்கூடம். ஆட்டம் முடிகிற நேரம், நம் பையன் ஒருவன் சேற்றில் வழுக்கிக்கொண்டே போய்க் கோட்டுக்கு மேலே பந்தை வைத்தான். அவனைத் தடுக்க வந்த எதிரணிக்காரன் ஒருவன் தவளைபோல் பறந்து கம்பத்தில் மோதினான். 'தவளை' புத்தகத்தில் இல்லை. அது என் பங்களிப்பு.

"அந்தப் போட்டியில் நான் ஆடினேன்," என்றார் தலைமை ஆசிரியர்.

"வாழ்த்துகள், சார்!" என்று கையை நீட்டினேன்.

"தவளையாக."

அவர் தன் இடது முழங்காலைத் தடவிக்கொண்டார். நான் நீட்டிய கை நீட்டியபடியே, கோட்டுக் கைக்கு வெளியே, சம்பந்தமில்லாத ஒருவனுடைய கைபோல நின்றது.

"மாமா," என்றான் நிரோஷன் மெதுவாக, தமிழில். வீட்டில் எவ்வளவு கெஞ்சினாலும் தமிழ் பேசாத பொடியன். "இது மற்ற ஸ்கூல், மாமா. நீங்க சொன்னது எல்லாம் மற்ற ஸ்கூல்."

அப்போதாவது உட்கார்ந்திருக்கலாம். "எங்கள் ஊரில், சார்," என்றேன், "முதலில் எதிரியைப் புகழ்ந்துவிட்டுத்தான் நம்முடையதுக்கு வருவோம்."

"அப்படியானால் எங்களுடையதுக்கு வாருங்கள்," என்றார்.

எனக்கு அவர்களுடையதைப் பற்றி ஒரு வரி தெரியாது. "நல்ல கட்டடம்," என்றேன்.

உதவித் தலைமை ஆசிரியை இருமுவதற்காக வெளியே போனார். இருமல் நடைபாதையின் கடைசிவரை கேட்டது.

தலைமை ஆசிரியர் நிரோஷனைப் பார்த்தார். "உன் மாமாவின் பேச்சைப் பற்றி நீ என்ன நினைக்கிறாய்?"

அவன் காது சிவந்திருந்தது. எனக்குத் தெரியாது என்று சொல்லித் தப்பியிருக்கலாம். அவன் கொஞ்சம் யோசித்தான். "கஷ்டப்பட்டுப் படித்தார், சார். ஒரு கிழமை படித்தார். பிழை எதுவும் விடவில்லை. பள்ளிக்கூடத்தைத் தவிர."

தலைமை ஆசிரியர் எதையோ குறித்துக்கொண்டார். சிரித்தாரா என்பதைப் புருவம் மறைத்துவிட்டது. ஸோனுக்கு வெளியே இருந்து வரும் பையன்களுக்கு வகுப்புப் பிரிக்க இன்னொரு கணக்குச் சோதனை இருக்கிறது, நிரோஷன் இருக்கட்டும், நீங்கள் மண்டபத்தில் காத்திருக்கலாம் என்றார். வேலை முடிந்து அக்கா காரோடு வருவதாக ஏற்பாடு. மண்டபத்தில் காத்திருந்து, அக்காவின் முகத்தைப் பார்த்து, நேர்முகம் எப்படி என்ற கேள்விக்குப் பதில் சொல்வதைவிட மழையில் நடப்பது எளிது. நடந்தேன்.

எங்கே போகிறேன் என்று தெரியாமல் நடந்தேன் என்று எழுத ஆசைதான். தெரிந்துதான் நடந்தேன். வழியில் த்ரீ கிங்ஸ் என்ற இடத்துக் கடைகளின் கூரைக்குக் கீழே நின்று, 'பை' என்கிற இறைச்சிப் பணியாரம் ஒன்று தின்றேன், கோட்டைப் பிழிந்தேன், மறுபடி நடந்தேன். ஒரு கிழமை கூடவே வாழ்ந்துவிட்டு நேரில் பார்க்காமல் போவது சரியில்லை என்று பட்டது.

மற்ற இடம் புத்தகத்தின் முதல் படத்தில் இருந்தபடியே இருந்தது. மேற்குப் பக்கத்துக் கோபுரத்தின் கல் மற்றதைவிட வெளுப்பு. தீக்குப் பிறகு கட்டியது. பாதிரியாரின் மார்பளவுச் சிலையைப் பார்த்ததும் உறவினரைக் கண்டதுபோல் கையெடுத்துக் கும்பிடப் போய்விட்டேன்.

"வழி தவறிவிட்டாயா, சகோதரா?" என்று பின்னால் ஒரு குரல். தள்ளுவண்டியில் ஈர இலைகளோடு ஒரு பெரிய மனிதர். சியோனே, தொங்கா என்ற தீவு நாட்டவர், அந்தப் பள்ளிக்கூடத்தின் பராமரிப்புப் பொறுப்பாளர். அதை அவர் பிறகு சொன்னார்.

"இல்லை. இவருக்கு ஒரு குதிரை இருந்தது, தெரியுமா?" என்று சிலையைக் காட்டினேன்.

சியோனே சிலையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், தண்ணீர் சொட்டும் கோட்டைப் பார்த்தார். "நீ இங்கே பழைய மாணவனா?"

"இன்று காலையிலிருந்து," என்றேன்.

அப்புறம் நடந்ததைச் சொன்னேன். தவளை வந்த இடத்தில் அவர் தள்ளுவண்டியை விட்டுவிட்டு ஒரு மரத்தைப் பிடித்துக்கொண்டார். மூச்சு திரும்பியதும் முதல் கேள்வி கேட்டார்: "வேலை இருக்கிறதா உனக்கு?" துப்புரவு செய்கிறவர் ஒருவர் அந்தக் கிழமைதான் ஆஸ்திரேலியாவுக்குப் போய்விட்டாராம். "நாளைக் காலை ஆறு மணிக்கு வா. அந்தக் கோட் வேண்டாம்."

வீட்டில் அக்கா கதவடியிலேயே நின்றாள். நிரோஷன் காரிலேயே எல்லாவற்றையும் நடித்துக் காட்டியிருந்தான்.

"உனக்கென்ன விசரே? ஓம், இல்லை. ரெண்டே ரெண்டு சொல்லுத்தானே சொல்லித்தந்தனான்!"

"அக்கா, அத்தான்தான் சரித்திரம் எண்டு..."

"நான் சரித்திரம் படி எண்டுதான் சொன்னனான்," என்றார் அத்தான் சோபாவின் ஓரத்தில் இருந்துகொண்டு, சிரிப்பை அடக்கிய முகத்தோடு. "எந்தப் பள்ளிக்கூடத்தின்ர சரித்திரம் எண்டு பாக்கிறது உன்ர பொறுப்பு, மச்சான்."

"பொடியன்ர வாழ்க்கை," என்றாள் அக்கா. குசினிக்குள் போய்ச் சட்டிகளைக் கழுவத் தொடங்கினாள். இன்னும் திட்டியிருந்தால் சாப்பிட்டிருப்பேன். வேலை கிடைத்த விஷயத்தை அன்றைக்கு நான் சொல்லவில்லை. எந்தப் பள்ளிக்கூடத்தில் என்று கேட்பார்களே.

முடிவு வரச் சில கிழமை ஆனது. நிரோஷனுக்கு இடம் கிடைத்தது. பி வகுப்பில். அந்த ஓர் எழுத்தை அக்கா இன்றைக்கும் எனக்கு மன்னிக்கவில்லை. "வாயை மூடிக்கொண்டிருந்தால் ஏ," என்பாள். கணக்குச் சோதனையில் தான் இரண்டு கேள்வியை விட்டுவிட்டதாக நிரோஷன் எத்தனையோ முறை சொல்லிவிட்டான். அவள் நம்பத் தயாரில்லை. அவன் படித்து முடித்து, கட்டடம் கட்டுகிற எஞ்சினியராகி, இப்போது அந்த ஸோன் கோட்டுக்குள்ளேயே வீடு வாங்கி இருக்கிறான். அவன் மகன் பெயரைத் தலைகீழாக எழுதலாம். எங்கள் வீட்டுக்குப் புதிதாக யார் வந்தாலும் அத்தான் அறிமுகம் செய்கிற முறை மாறவில்லை: "எங்கட குடும்பத்தில ரெண்டு பேர் ஸோனுக்கு வெளியில இருந்து பெரிய பள்ளிக்கூடத்துக்குள்ள போனவை. மகன் சோதினை எழுதிப் போனவன். மச்சான் தவளையில போனவர்."

நேர்முகத்துக்கு மறுநாள் காலை ஆறு மணிக்கு நான் கோட் இல்லாமல் போய் நின்றேன். சியோனே ஒரு வாளியும் (அத்தானின் தொழிற்சாலை வாளி, அடியில் முத்திரை இருந்தது) தரை துடைப்பானும் தந்து மண்டபத்துக்குக் கூட்டிப்போனார். பொன்னெழுத்துப் பலகைகள், முறைக்கிற பையன்கள், நடுவில் கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு கேடயம். முதலில் இந்தக் கண்ணாடியைத் துடை, கவனம் என்றார். பிறகு பெருமையோடு கேடயத்தைக் காட்டி, "மழையில் ஆடி வென்றது. அந்தக் கதை தெரியுமா உனக்கு?" என்று ஒன்றும் தெரியாதவர்போல் கண்ணைச் சிமிட்டினார்.

நான் துடைப்பானைச் சுவரில் சாய்த்தேன். தொண்டையைச் செருமிக்கொண்டு, பலகை வீட்டுப் பாதிரியாரிலிருந்து ஆரம்பித்தேன்.